சாடியில் நிற்பது மருந்தா, நஞ்சா?

சென்ற தவணை விடுமுறையில் துணுக்காயில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். ராத்தாவின் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. நடை பழகிய நாள் தொட்டு வீட்டில் அவன் கை படாத பொருள் இல்லை. அன்று பகல் முன்னறை மூலையில் நின்ற சாடிச் செடியின் இலையை எட்டி இழுத்துக் கடித்துவிட்டான். அகன்ற பச்சை இலையில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தெளித்தது போலிருக்கும் அந்தச் செடியை நீங்களும் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

அவன் போட்ட சத்தத்தில் குசினியில் நின்ற நாங்கள் எல்லோரும் ஓடி வந்தோம். வாயிலிருந்து வீணீர் கொட்டியது. உதடு தடித்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தமே கரகரத்துப் போனது. உம்மம்மா தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தார். உம்மா தடுத்தார். அயல்வீட்டு அம்மா, புளியைக் கரைத்துக் கொடுங்கள் என்றார். கடைசியில் முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்கு ஓடினோம்.

அங்கே டொக்டர் கேட்ட முதற் கேள்வி, "என்ன மரத்தின் இலை?"

ராத்தா அழுதுகொண்டே, "மூலையில நிக்கிற பெரிய இலை மரம், டொக்டர்" என்றார். எங்களில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. வாப்பா கடையிலிருந்து வீட்டுக்குப் போய்க் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பெயர் தெரிந்தது. பிள்ளை மறுநாளே சுகமாகிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஐந்து வருடமாக நாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒன்றின் பெயர் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து சாடிகளை எண்ணினேன். பதினான்கு. பெயர் தெரிந்தவை ஐந்து மட்டுமே. மற்றவற்றின் பெயரைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேட, உயர்தர உயிரியல் வகுப்பில் நாம் படிக்கும் பாடங்கள் பல அந்தச் சாடிகளுக்குள்ளேயே இருப்பதைக் கண்டேன். அவற்றுட் சிலவற்றை இங்கே தருகிறேன்.

ஊசி வைத்திருக்கும் இலை

எங்கள் பிள்ளை கடித்த செடியின் பெயர் டிபென்பாக்கியா. அமெரிக்காவின் வெப்பவலயக் காடுகள் அதன் தாயகம். வியன்னாவில் அரச தோட்டத்தைப் பராமரித்த டிபென்பாக் என்பவரின் நினைவாக அதற்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதை "ஊமைப் பிரம்பு" என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கடித்தவரின் நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சு அடைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

இந்த இலையின் சில கலங்களுக்குள் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் ஊசிகள் போலக் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இலையை மென்றதும் அந்தக் கலங்கள் வெடித்து ஊசிகளை வெளியே தள்ளுகின்றன. அவை நாக்கிலும் உதட்டிலும் குத்துகின்றன. இதனாலேயே கடித்த மறுகணமே எரிவு தொடங்குகிறது. பெரும்பாலும் ஒருவர் இரண்டாவது முறை கடிப்பதில்லை. ஆகவே உயிராபத்து அரிது. ஆனால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும் என்பதால் சிறு பிள்ளைகளின் விடயத்தில் அலட்சியம் கூடாது. பால் கண்ணிற் பட்டாலும் கடுமையாக எரியும்.

இது நமக்குப் புதிய விடயமும் அல்ல. கரணைக்கிழங்கும் சேம்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கரணையைச் சரியாகச் சமைக்காவிட்டால் நாக்கு அரிப்பதும் இதே ஊசிகளால்தான். நன்றாக வேக வைத்துப் புளி விட்டுச் சமைக்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். கரணையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அதன் அழகான உறவினரைப் பற்றி நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். யன்னல் ஓரத்தில் போத்தலில் வளர்க்கும் மணி பிளான்ட், நிறம் நிறமான இலைகளுடைய கலேடியம், வெள்ளைப் பூப் பூக்கும் பீஸ் லில்லி ஆகிய மூன்றும் இதே குடும்பம். மூன்றிலும் இதே ஊசிகள் உண்டு.

ஒரே மடலில் இரண்டு பொருள்

கற்றாழை எல்லார் வீட்டிலும் நிற்கிறது. அதன் மடலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோலை ஒட்டி மஞ்சள் நிறமான கசப்புப் பால் கசியும். உள்ளே கண்ணாடி போன்ற சோறு இருக்கும். ஒரே மடலில் இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறான பொருட்கள்.

உள்ளே இருக்கும் சோறு தோலுக்குக் குளிர்ச்சி தரும். சிறு எரிகாயத்துக்கும் வெயிற் கொப்புளத்துக்கும் பூசுவார்கள். ஆனால் எரிகாயத்துக்கு முதல் வைத்தியம் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிப்பதுதான். கற்றாழை அதற்குப் பிறகுதான். மஞ்சள் பாலில் இருக்கும் அலோயின் என்னும் பொருள் கடுமையான பேதியை உண்டாக்கும். அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியெடுத்த கரியபோளத்தை நாட்டு வைத்தியர்கள் அளவறிந்து கையாண்டு வந்தார்கள். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2002ஆம் ஆண்டில், வைத்தியரின் சீட்டின்றிக் கடைகளில் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்க முடியாதவாறு செய்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது. காலையில் வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறு குடிக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. அந்தச் சாற்றில் மஞ்சள் பால் கலந்திருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

அலரியும் இதயமும்

வேலியோரத்தில் நிற்கும் செவ்வலரியும் மஞ்சள் அலரியும் வேறு வேறு இனங்கள். ஆனால் இரண்டுமே ஒரு குடும்பம், ஒரே வகை நஞ்சு. இலை, பூ, பட்டை, விதை எல்லாவற்றிலும் இதயக் கிளைக்கோசைட்டுகள் என்னும் பொருட்கள் இருக்கின்றன. அவிப்பதால் இவை அழிவதில்லை.

கலமென்சவ்வில் சோடியம் பொற்றாசியம் பம்பி இருப்பதை உயர்தர மாணவிகள் படித்திருப்பீர்கள். அந்தப் பம்பியைத்தான் இந்தப் பொருட்கள் தடுக்கின்றன. பம்பி நின்றால் இதயத் தசைக் கலங்களுக்குள் கல்சியம் கூடும், குருதியில் பொற்றாசியம் ஏறும், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். அதனால் அலரியில் எந்தப் பகுதியையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் அதன் காய்களை வைத்து விளையாடவும் விடக் கூடாது.

இனி இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய வைத்தியர் டிஜிட்டாலிசு என்னும் தோட்டப் பூச்செடியின் இலை, நீர் கோர்த்து வீங்கிய நோயாளரை எவ்வாறு சுகப்படுத்துகிறது என்று ஒரு நூல் எழுதினார். அளவு கொஞ்சம் மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதையும் அதிலேயே எழுதினார். அந்தச் செடி வகையிலிருந்து பெற்ற டிஜொக்சின் இன்றும் சில இதய நோயாளருக்குக் கொடுக்கப்படுகிறது. அது தடுப்பதும் இதே பம்பியைத்தான். மைக்கிரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும்போது மருந்தாகிறது. அளவு தவறினால் அலரியின் வேலையைச் செய்கிறது.

இந்த ஒற்றுமையே ஓர் உயிர்காப்பு வழியையும் திறந்துவிட்டது. டிஜொக்சினைப் பிடித்துக் கட்டும் பிறபொருளெதிரிகளைச் செம்மறியாட்டின் குருதியிலிருந்து எடுத்து மருந்தாக்கியிருந்தார்கள். அது மஞ்சள் அலரி நஞ்சுக்கும் உதவுமா என்று இலங்கை வைத்தியர்களும் பிரித்தானிய வைத்தியர்களும் சேர்ந்து கொழும்பில் ஆராய்ந்தார்கள். உதவுகிறது என்ற முடிவு 2000ஆம் ஆண்டில் லான்செற் என்னும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. வன்னி வேலிகளிலும் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றி உலகம் இலங்கையிடமிருந்து படித்த பாடம் இது. அந்த மருந்து மிக விலை கூடியது என்பதால் எல்லா நேரமும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முன்கவனமே நம் கையில் உள்ள மலிவான மருந்து.

பட்டிப்பூவின் கதை

தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடாமல் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் பட்டிப்பூவை நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். மடகஸ்கார் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது. பல நாடுகளில் அதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடித்தார்கள். ஜமேக்காவிலிருந்து 1952இல் கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்ற வைத்தியருக்கு அந்த இலைகள் அனுப்பப்பட்டன. அவர் அவற்றைத் தம் சகோதரர் ரொபேட் நோபிளிடம் கொடுத்தார். ரொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளரும் ஆராய்ந்தபோது எதிர்பார்த்தபடி சீனி குறையவில்லை. ஆனால் பரிசோதனை விலங்குகளின் வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறைந்தன.

வேறொருவராயின் பரிசோதனை தோல்வி என்று விட்டிருக்கக் கூடும். அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். வெண்குருதிக் கலங்கள் அளவு மீறிப் பெருகும் நோய்தானே குருதிப் புற்றுநோய்? அதற்கு இது உதவுமல்லவா? 1958இல் வின்பிளாஸ்ரின் அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து இதே செடியிலிருந்து வின்கிறிஸ்ரின் பிரித்தெடுக்கப்பட்டு 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் அது இன்றும் ஒன்று.

இழையுருப்பிரிவில் நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் நார்கள் உருவாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. கலம் பிரிய முடியாமல் நின்றுவிடுகிறது. வேகமாகப் பிரியும் புற்றுநோய்க் கலங்கள் முதலில் அடிபடுகின்றன. ஆனால் நல்ல கலங்களும் நரம்புகளும் தப்புவதில்லை. அதனாலேதான் வைத்தியர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, குருதியைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிறார்கள். அதே இலையை வீட்டில் அவித்துச் சீனி வியாதிக்குக் குடிப்பவர் எந்த அளவில் குடிக்கிறார்? ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியாது.

மழை தொடங்கியதும் வன்னி வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூவும் இப்படியே. அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கொல்சிசின், மூட்டுகளில் யூரிக் அமிலம் படிவதால் வரும் கௌட் நோய்க்கு மருந்து. அதற்காகவே தமிழ்நாட்டில் விவசாயிகள் அதைப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். கொல்சிசினும் கதிர் நார்களைத்தான் தாக்குகிறது. கிழங்கை உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்ததும் உண்டு. சாடியில் வைத்து அழகு பாருங்கள். கிழங்கு இருக்கும் மண்ணைப் பிள்ளைகள் தோண்டாமல் பாருங்கள்.

நம் கையிலே சிவக்கும் மருதோன்றி

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மாவும் புத்தளம் போனவர். பல வருடங்களின் பின் திரும்பி வரும்போது அங்கிருந்து ஒரு மருதோன்றிக் கொப்பை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். இன்று எங்கள் முற்றத்தில் நிற்பது அந்தக் கொப்புத்தான். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் அயலெல்லாம் அதில் பறிக்கும்.

மருதோன்றி இலையின் நிறத்துக்குக் காரணமான பொருள் லோசோன். பெரும்பாலானவர்களுக்குத் தோலில் பூசுவதால் தீங்கில்லை. ஆனால் ஜி-6-பி-டி என்னும் நொதியம் குறைவாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய செங்குருதிக் கலங்கள் சில பொருட்களைத் தாங்க முடியாமல் உடைந்துவிடும். லோசோன் அவற்றுள் ஒன்று. இந்தக் குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தோடு கடத்தப்படுவதால் ஆண் பிள்ளைகளில் கூடுதலாகக் காணப்படும். மலேரியா நீண்ட காலம் நிலவிய நாடுகளில் இது அதிகம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2016இல்தான் சான்று தந்தது. பிறந்த குழந்தைகளின் உடலில் மருதோன்றி பூசியபின் செங்குருதிக் கலங்கள் உடைந்து கடும் மஞ்சட்காமாலை வந்த சம்பவங்கள் சில நாடுகளின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே கைக்குழந்தைகளுக்கு மருதோன்றி வேண்டாம். ஆசையாக இருந்தால் பிள்ளை வளரட்டும்.

கடையில் விற்கும் "கறுப்பு மருதோன்றி" இன்னொரு விடயம். இயற்கை மருதோன்றி செம்மஞ்சளாகவோ செங்கபிலமாகவோதான் பிடிக்கும். கறுப்பாக உடனே பிடிப்பதற்குத் தலைமயிர்ச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்னும் இரசாயனத்தைக் கலக்கிறார்கள். அதனால் தோல் கொப்பளித்துத் தழும்பு விழலாம். ஒரு முறை ஒவ்வாமை வந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் அது தொடரலாம். கலியாணப் பெண்ணின் கைக்கு முற்றத்து இலையை அரைப்பதே நல்லது.

காற்றைச் சுத்தமாக்குமா?

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்றிலுள்ள நஞ்சையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1989இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காகச் செய்த ஓர் ஆய்விலிருந்து வந்த கதை இது. காற்றுப் புகாமல் அடைத்த சிறு அறைகளில் செடிகளை வைத்துப் பார்த்தபோது சில ஆவிகள் குறைந்தன. ஆனால் நம் வீடு அடைத்த பெட்டியல்ல. 2019இல் இதுபோன்ற ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், சாதாரண காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் குறைந்தது பத்துச் செடிகள், கூடினால் ஆயிரம் செடிகள் தேவை என்று கண்டார்கள். யன்னலைத் திறந்துவிடுங்கள், அது போதும். செடியைக் கண்ணுக்கும் மனதுக்குமாக வளர்ப்போம்.

கற்பூரவள்ளி, துளசி, செவ்வரத்தை, ரோசா போன்றவை பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் நின்றாலும் பெரிய பயமில்லை. தடிமனுக்குக் கற்பூரவள்ளி இலையும், தலைக்குச் செவ்வரத்தை இலையும் நாம் பயன்படுத்தி வருபவைதானே.

பெற்றோருக்கும் தங்கைமாருக்கும்

மேலே சொன்ன ஒவ்வொரு செடிக்கும் ஒரே நான்கு கேள்விகள்தாம். எந்தச் செடி? அதில் எந்தப் பகுதி? எவ்வளவு? யாருக்கு? இந்த நான்கில் ஒன்று மாறினாலும் மருந்து நஞ்சாகிவிடும். கற்றாழையில் பகுதி மாறுகிறது. டிஜிட்டாலிசில் அளவு மாறுகிறது. மருதோன்றியில் ஆள் மாறுகிறார். எங்கள் வீட்டில் முதலாவது கேள்விக்கே பதில் இல்லாமல் இருந்தது.

1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் என்ற அந்தலூசிய முஸ்லிம் தாவர அறிஞர் ஏறக்குறைய 1400 மருந்துப் பொருட்களை அகர வரிசையில் தொகுத்தார். ஒரு செடிக்கு அரபியில் மட்டுமல்ல, கிரேக்கம், பாரசீகம், பேர்பர் மொழிகளில் வழங்கிய பெயர்களையும் சேர்த்து எழுதினார். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளை ஏதாவது இலையைக் கடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று எங்களுக்குத் தெரியாமற் போனது இதுதான்.

முதலில் வாயிலுள்ள துண்டுகளை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வாயைத் தண்ணீரால் கழுவுங்கள். டிபென்பாக்கியா போன்ற ஊசி இலை என்று தெரிந்தால், விழுங்கக்கூடிய பிள்ளைக்குக் குளிர்ந்த பால் கொஞ்சம் கொடுக்கலாம், எரிவு தணியும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும் ஊசிகள் தொண்டையை இரண்டாம் முறையும் புண்ணாக்கும். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். புளி, உப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்.

மூச்சு விடக் கஷ்டப்பட்டால், விழுங்க முடியாமல் வீணீர் ஒழுகினால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அலரி, கார்த்திகைப்பூ போன்றவை என்றால் பிள்ளை சுகமாகத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். போகும்போது அந்தச் செடியில் ஒரு கொப்பை முறித்து ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். பெயர் மறந்தாலும் கொப்பு சொல்லும்.

டிபென்பாக்கியாவை நாங்கள் எறியவில்லை. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், மதிலின் மேல் வைத்திருக்கிறோம். பதினான்கு சாடிகளிலும் ஐஸ்கிரீம் குச்சி குத்திப் பெயர் எழுதினேன். நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பு மை. எழுதப் படிக்கத் தெரியாத உம்மம்மா, சிவப்புக் குச்சி எது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்து, இப்போது அயல்வீட்டு அம்மாவுக்கும் காட்டிக் கொடுக்கிறார். நீங்களும் இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுச் சாடிகளை எண்ணிப் பாருங்கள். எத்தனைக்குப் பெயர் தெரியும்?